நான்கு மீட்டர் நைலான் கயிறு

மெய்நிகர் தற்காப்புக் கலைக் கூட்டமைப்பின் விதிப் புத்தகத்தில் மூன்றாவது விதி இது: "வீரர், ஆட்டம் தொடங்கியது முதல் முடியும்வரை கணினியுடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும்." எழுதிய காலத்தில் அது நியாயம்தான். அப்போதெல்லாம் தலையில் மாட்டும் விஆர் ஹெட்செட்டின் பின்னால் தடித்த வயர் ஒன்று தொங்கும். வயரின் மறுமுனையில் ஒரு கணினி உறுமிக்கொண்டிருக்கும். பிறகு வயரே இல்லாத ஹெட்செட் வந்துவிட்டது. தலையில் மாட்டினால் போதும், அதிலிருக்கும் கேமராவே கைகளைப் பார்த்துக்கொள்ளும். கடைக்காரர்கள் இதைக் கவனித்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கவனித்தார்கள். கூட்டமைப்பு கவனிக்கவில்லை. கவனிப்பதென்றால் அதற்குச் செயற்குழு கூட வேண்டும்.

இந்த விதியால் வயிறெரிந்த ஒருத்தியின் கதை இது. கோபப்படாமல் சொல்லலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினொரு வருஷமாகத் தற்காலிக ஊழியர். வார்டு நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் துவைகல். எதைக் கொண்டுவந்து போட்டாலும் தாங்குவாள் என்பதால் வந்த பெயர். ரத்தம், சீழ், மருந்து, வாந்தி என்று மனித உடம்பு கக்கக்கூடிய எல்லாவற்றையும் விரிப்புகளிலிருந்து வெளியேற்றி, மடித்து, மறுநாள் காலை கட்டிலுக்கு அனுப்புவாள். ஒருமுறை இஸ்திரி உருளையில் முழங்கை வெந்துபோய் மூன்றாம் நாளே கட்டோடு வேலைக்கு வந்தாள். தற்காலிகத்துக்கு மருத்துவ விடுப்பு கிடையாது. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவளுக்கு உடம்புக்கு முடியாமல் போக உரிமை இல்லை என்பதை யாரும் வேடிக்கையாக நினைக்கவில்லை.

எண்பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை அவளை வேலையிலிருந்து நீக்குவார்கள். ஒரு நாள் கழித்துப் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொண்ணூறு நாள் தொடர்ந்து பார்த்துவிட்டால் நிரந்தரம் கேட்க உரிமை வந்துவிடுமாம். ஆக பதினொரு வருஷத்தில் நாற்பத்தைந்து முறை அவள் வேலைக்குப் புதுசு.

அப்படி நீக்கப்பட்ட ஒரு நாளில்தான், பழக்க தோஷத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். சலவைக்கூடத்துக்குள் விடவில்லை. பிசியோதெரபி அறையில் போய் உட்கார்ந்தாள். தோள்பட்டை பிடித்துக்கொண்ட நோயாளிகளுக்காக அங்கே ஒரு ஹெட்செட் வைத்திருந்தார்கள். "சும்மா உக்காந்திருக்கறதுக்கு இதைப் போட்டுப் பாருங்க" என்று பிசியோ மேடம் அவள் தலையில் மாட்டிவிட்டார்.

மேகத்துக்கு மேலே ஒரு மரப்பாலம். எதிரே கல்லால் ஆன ஒரு பூதம். கையில் பிடிக்க எதுவும் இல்லை, அழுத்தப் பொத்தானும் இல்லை. உள்ளங்கையை முன்னால் தள்ளினால் காற்று சீறிப் பாயும். இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து விரித்தால் கேடயம். வட்டம் போட்டு முறுக்கி இழுத்தால் தண்ணீர்ச் சாட்டை. நோயாளிகள் இந்த முறுக்கலில்தான் தோற்றுப்போவார்கள். அவளோ தினமும் இருநூறு விரிப்புகளை உதறி முறுக்கி இழுப்பவள். பூதம் பொடிப்பொடியானது. பிசியோ மேடம் வாயைப் பிளந்து பார்த்தார்.

அடுத்த இரண்டு வருஷம் சாப்பாட்டு இடைவேளை முழுக்க அந்தப் பாலத்தின் மேல்தான் கழிந்தது. "துவைகல்" என்ற பெயர் அந்த விளையாட்டின் மொத்தப் பட்டியலில் நான்காவது இடத்துக்கு வந்தது. ஒவ்வொரு பூதத்துக்கும் அவள் மனதில் ஒரு முகம் இருந்தது. அதில் பெரும்பாலும் நிர்வாக அலுவலரின் முகம்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. சலவைக்கூடத்தில் ஒரு நிரந்தர இடம், விளையாட்டு ஒதுக்கீட்டில். மெய்நிகர் தற்காப்புக் கலையில் முதலிடச் சான்றிதழ் இருந்தால் போதும். வயது முப்பத்தைந்துக்குள். அவளுக்கு முப்பத்தைந்து முடிய நான்கு மாதம் இருந்தது. போட்டி வருஷத்துக்கு ஒன்று. கணக்கு எளிது: ஒரே ஒரு வாய்ப்பு.

கூட்டமைப்பின் அலுவலகம் உள்விளையாட்டு அரங்கின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். கிட்டே போய்ப் படித்தால் எல்லாம் தலைவர்கள் செயலாளர்களுக்கும், செயலாளர்கள் தலைவர்களுக்கும் கொடுத்துக்கொண்டவை.

"பேர் குடுக்கணும் சார்."

"பையனுக்காம்மா?" என்றார் செயலாளர்.

"எனக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் தன் இடத்தைக் காட்டும் பட்டியலைக் கைபேசியில் நீட்டினாள்.

"இது மெஷின் குடுத்த மார்க்கும்மா. மெஷினுக்கு என்ன தெரியும்?" என்றவர், பிசியோ மேடத்திடம் இரவல் வாங்கி அவள் பையில் வைத்திருந்த ஹெட்செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல வயர் எங்க?"

"இதுக்கு வயர் கிடையாது சார். கம்ப்யூட்டரும் வேணாம். தனியாவே ஓடும்."

"தனியா ஓடுறதை எல்லாம் நாங்க எப்படிம்மா அங்கீகரிக்கிறது? நாளைக்கு வீரர்களும் தனியா ஓடுவோம்னு கிளம்பிட்டா கூட்டமைப்பு எதுக்கு?"

"அப்ப என்னதான் சார் பண்றது?"

"செயற்குழு கூடணும்."

"எப்ப கூடும்?"

"அதை முடிவு பண்றதுக்கே செயற்குழு கூடணும்மா."

மூன்று வாரத்தில் ஆறு முறை நடந்தாள். ஆறாவது முறை தீர்வு கிடைத்தது. கண்டுபிடித்தவர் தொழில்நுட்ப இயக்குநர். அதற்கு முன்பு பளுதூக்கும் சங்கத்தில் இரும்புத் தட்டுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர், அனுபவம் கருதி இங்கே எடுத்திருந்தார்கள். அவர் தயாரித்த சுற்றறிக்கை சொன்னது: "வயர் இல்லாத கருவியைப் பயன்படுத்தும் வீரர், நான்கு மீட்டர் நீளமுள்ள வெள்ளை நைலான் கயிற்றின் மூலம் இடுப்பிலிருந்து கணினியுடன் இணைக்கப்பட வேண்டும். கணினி இயங்கும் நிலையில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை."

அவள் இரண்டு முறை படித்தாள். எழுதியவர் எதிரே பெருமையோடு நின்றுகொண்டிருந்ததால் சிரிக்க முடியவில்லை.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்றார் செயலாளர். "எதிராளியோட சம்மதக் கடிதம். அடி வாங்க எனக்குச் சம்மதம்னு அவர் கையெழுத்துப் போடணும்."

"எதிராளி பூதம் சார். இதுக்குள்ள இருக்கு."

"உள்ள இருந்தா வெளிய வந்து போடச் சொல்லு."

"அது வராது சார்!"

"அப்ப காப்பாளர் கையெழுத்து."

பிசியோ மேடம் கல் பூதத்தின் காப்பாளராகக் கையெழுத்துப் போட்டார். உறவுமுறை என்ற இடத்தில் "தெரிந்தவர்" என்று எழுதினார். செயலாளர் முத்திரை குத்தினார்.

வீட்டில் பயிற்சி ஆரம்பித்தது. அவள் கணவன் ரொட்டி வேன் ஓட்டுகிறவன். விடிகாலையில் போய் மதியம் வந்துவிடுவான். "நான் கம்ப்யூட்டர் மாதிரி உக்காந்திருக்கேன், நீ ஆடு" என்று கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான். முதல் தண்ணீர்ச் சாட்டைக்கே முக்காலியோடு சமையலறை வரை இழுபட்டு வந்தான்.

"கம்ப்யூட்டர் விழுந்துடுச்சு" என்றான் தரையில் கிடந்தபடி.

அவள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அழுதாள்.

"இதுவும் போச்சுன்னா இன்னும் எத்தனை தடவைங்க என்னை வெளிய தள்ளி உள்ள கூப்பிடுவாங்க? நாயைக்கூட அப்படிப் பண்ண மாட்டாங்க."

அவன் எழுந்து முக்காலியை நிமிர்த்திப் போட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டான். "ஆடு" என்றான். மூன்று வாரத்தில் அவள் கயிறு விறைக்காமல் ஆடக் கற்றுக்கொண்டாள். நான்கு மீட்டருக்குள் எங்கே திரும்புவது, எங்கே நிறுத்துவது என்பது இடுப்புக்குத் தெரிந்துவிட்டது.

போட்டி நாளில் அரங்கத்தில் எட்டு மேசைகள் போட்டிருந்தார்கள். எட்டிலும் எட்டுக் கணினிகள். ஒன்றுகூட மின்சாரத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும். ஒன்றின் உள்ளே எலி குடித்தனம் நடத்திய அடையாளம் இருந்தது. தொழில்நுட்ப இயக்குநர் எட்டு இடுப்பிலும் தானே முடிச்சுப் போட்டார். இரும்புத் தட்டுப் பிடித்துப் பழகிய கை, முடிச்சு இரும்பாக இறுகியது. வீரர்கள் எல்லோரும் கட்டப்பட்டு நிற்க, தலைவர் பேச எழுந்தார்.

"இந்தக் கலையை நான் ஒரு தடவைகூட ஆடினதில்லை. ஏன்? ஆடினா ஆடுறவங்க பக்கம் மனசு சாஞ்சிடும். தலைவனுக்கு அது அழகில்லை. இதுக்கு முன்னாடி நீச்சல் சங்கத்துல பன்னெண்டு வருஷம் தலைவரா இருந்தேன். ஒரு நாள் தண்ணில கால் வச்சிருப்பேனா? கேட்டுப் பாருங்க. அதுக்கு முன்னாடி மலையேற்றம். என் ஆபீஸ் தரைத்தளத்துலதான் இருந்துச்சு. வீரர்கள் வருவாங்க, வயசாகும், போயிடுவாங்க. யார் ஞாபகம் வச்சுக்கிறது? நான் இருக்கேன். விளையாட்டை வளக்கறது ஆடுறவங்க இல்லை. உக்காந்திருக்கறவங்க."

உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். கட்டப்பட்டிருந்தவர்களுக்குக் கால் கடுத்தது. பேச்சு ஒன்றரை மணி நேரம்.

பிறகு செயலாளர் மதிப்பெண் முறையை அறிவித்தார். நிற்கும் விதத்துக்கு நாற்பது, உடைக்கு இருபது, முகபாவத்துக்கு இருபது, நன்றியுணர்வுக்கு இருபது. விளையாட்டுக்குள் எத்தனை பூதம் விழுந்தது என்பது தனிப்பட்ட விஷயம், அதில் கூட்டமைப்பு தலையிடாது.

"முகம்தான் மூடியிருக்கே சார்?" என்று அவள் கேட்டேவிட்டாள்.

"அதனாலதாம்மா நடுவர்கள் ரொம்பக் கவனமாப் பாப்பாங்க."

மூன்றாவதாக அவள் ஆடினாள். அன்றைக்கு ஆடியதைப் போல அவள் அதற்கு முன்பு ஆடியதில்லை. மரப்பாலத்தில் ஒன்றன் பின் ஒன்றாகப் பதினேழு பூதங்கள் வந்தன. காற்றை உந்தினாள், கேடயம் விரித்தாள், ஈர விரிப்பை முறுக்குவதைப்போல் இரண்டு கைகளையும் எதிரெதிராகத் திருகி இழுத்தாள். வெந்து ஆறிய முழங்கை வலித்தது. வலியோடு சேர்த்து இழுத்தாள். பதினேழும் விழுந்தன. இடுப்புக் கயிறு ஒருமுறைகூட விறைக்கவில்லை. ஹெட்செட்டுக்குள் மணிகள் முழங்கின. பட்டியலில் துவைகல் முதலிடம். அது அவள் காதுக்கு மட்டும் கேட்டது.

வெளியே நடுவர்கள் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நிற்கும் விதம் பதினொன்று, காரணம் நிற்கவே இல்லை. உடை ஐந்து. முகபாவம் பூஜ்யம். நன்றியுணர்வு பூஜ்யம், காரணம் ஆட்டத்தின் நடுவில் ஒருமுறைகூட நடுவர்களைப் பார்க்கவில்லை. மொத்தம் பதினாறு.

"கயித்தை அவுத்து விடுங்க சார்" என்றாள் இயக்குநரிடம்.

"கட்டறதுக்குத்தான் விதி இருக்கு. அவுக்கறதுக்கு செயற்குழு கூடணும்."

கடைசியாக வந்தவன் தலைவரின் மச்சான். மனைவியின் தம்பி. முப்பது வயது இருக்கும். வெள்ளைவெளேரென்று இஸ்திரி போட்ட உடை. மேசைக்குப் பக்கத்தில் காலை அகட்டி நின்று, கைகளை மெதுவாகத் தூக்கினான், மெதுவாக இறக்கினான். பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் சோம்பல் முறிப்பது போல இருந்தது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை நடுவர்கள் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டான். அவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நூற்றுக்கு நூறு.

அவள் மட்டும் அவன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாகப் பிசியோதெரபி அறையில் நோயாளிகளின் வியர்வையைத் துடைத்து இதே மாதிரி ஹெட்செட்டை எடுத்து வைத்தவள் அவள். ஓடினால் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். அவனுடையதில் எரியவில்லை.

கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கட்டிய கயிற்றோடு நடுவில் போய் நின்று அவன் முகத்திலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினாள். எல்லோரும் பார்க்கத் திருப்பிக் காட்டினாள்.

"இது ஆன்லயே இல்லை! பாருங்க. இருட்டா இருக்கு. இவர் எதையுமே ஆடல."

"போட்டதுல இருந்தே இருட்டாத்தான் இருந்துச்சு" என்றான் மச்சான் அப்பாவியாக. "எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

தலைவர், செயலாளர், இயக்குநர் மூன்று பேரும் தலைகளைச் சேர்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்ட செயற்குழு, அந்த இடத்திலேயே, நின்றபடியே, நான்கு நிமிஷத்தில் கூடிக் கலைந்தது. இயக்குநர் தாளைப் பார்த்து வாசித்தார்.

"கருவியை இயக்கி ஆடுவது கருவியின் உதவியை நாடுவதாகும். இயக்காமல் ஆடியவரே தன் சொந்தத் திறமையால் ஆடியவர். முதலிடம் உறுதி செய்யப்படுகிறது. கருவியை இயக்கி ஆடிய மற்ற ஏழு பேரும் எச்சரிக்கப்படுகிறார்கள்."

"சார், அவர் யாரையும் அடிக்கல. அங்க யாருமே இல்லை!" அவள் குரல் உடைந்து கத்தலாக வெளிவந்தது.

தலைவர் அவள் பக்கம் வந்து கனிவாகச் சொன்னார். "அதுதாம்மா தற்காப்பு. யாரும் கிட்ட வராத மாதிரி பாத்துக்கிறது. நீ பதினேழு பேரை வரவச்சிருக்க. அவன் ஒருத்தனையும் வரவிடல."

அவள் அந்தக் கணினியை அவர் காலடியில் போட்டாள். அது உடைந்தது. உள்ளேயிருந்து பழைய எலிக்கூடு ஒன்று சிதறியது. "பொது உடைமைச் சேதம்" என்று செயலாளர் குறித்துக்கொண்டார். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அவள் வெளியே நடந்தாள். வேனில் காத்திருந்த கணவன் அவளைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பினான். முகம் சொல்லிவிட்டது.

இரண்டரை மாதம் போனது. அவளுக்கு முப்பத்தைந்து முடிந்த மறுவாரம், சலவைக்கூடத்துக்குப் புதிய நிரந்தர மேற்பார்வையாளர் வந்தார். வெள்ளைவெளேரென்ற உடை. மச்சான்.

அவன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வந்ததும் வணக்கம் சொன்னான், அவளை அக்கா என்று கூப்பிட்டான். போட்டியில் பார்த்தவள் என்பதுகூட அவனுக்கு ஞாபகமில்லை. இருட்டில் இருந்தவன்தானே.

மூன்றாம் நாள் பிரசவ வார்டிலிருந்து ஃபோன் வந்தது. பன்னிரண்டு கட்டிலுக்கு விரிப்பில்லை, பிள்ளை பெற்றவர்கள் ரெக்ஸின் மேல் படுத்திருக்கிறார்கள். "நானே பாத்துக்கறேன்" என்று மச்சான் விரிப்புகளை முதல் இயந்திரத்தில் போட்டுக் கதவை மூடினான். எதிரே நாற்காலியில் உட்கார்ந்தான். முக்கால் மணி நேரம் மரியாதையாகக் காத்திருந்தான். பிறகு பதிவேட்டில் "துவைக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கதவைத் திறந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இது ஏன் நனையவே இல்லை?"

அவள் அப்போதுதான் ஆபரேஷன் தியேட்டர் துணிகளை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "ஆன் பண்ணீங்களா?"

"ஆன் பண்ணணுமா?"

அந்த நேரம் பார்த்துத்தான் அவன் மேசையிலிருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

"அப்புறம் அக்கா, இதுல நான் கையெழுத்துப் போடணுமாம். இன்னிக்கு உங்களுக்கு எண்பத்தொன்பதாவது நாளாம். நாளைக்கு நீங்க வேலைல இல்லையாம். நாளன்னிக்குப் புதுசாச் சேந்துக்கலாமாம். எங்க போடணும்னு கொஞ்சம் காட்டுங்களேன்."

அவள் காட்டினாள். அவன் போட்டான். நல்ல கையெழுத்து. அவள் தன் அலமாரியைத் திறந்து வெள்ளை நைலான் கயிற்றை எடுத்தாள்.

"தம்பி, கொஞ்சம் எழுந்து நில்லுங்க. மூணாவது விதி ஒண்ணு இருக்கு. ஆரம்பிச்சதுல இருந்து முடியற வரைக்கும் மெஷினோட இணைஞ்சிருக்கணும்."

"ஆமா ஆமா, தெரியும்" என்று அவன் உடனே எழுந்து, கட்ட வசதியாக இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டான். ஒரு முனையை அவன் இடுப்பிலும் மறுமுனையை முதல் இயந்திரத்தின் இரும்புக் காலிலும் கட்டினாள். ஈரத்துணி முறுக்கும் கைகளால் முடிச்சை இறுக்கினாள். தரையில் பதித்த இயந்திரம் அது, எங்கேயும் விழாது. பிறகு விரிப்புகளை அள்ளிக்கொண்டு போய், கயிறு எட்டாத தூரத்தில் இருந்த இரண்டாவது இயந்திரத்தில் போட்டு, பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் பாய்ந்தது. துவைத்து, உலர்த்தி, மடித்து, பன்னிரண்டு கட்டிலுக்கும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். பிள்ளை பெற்றவர்கள் மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை.

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது மச்சான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். கால் கடுத்திருக்க வேண்டும், மாற்றி மாற்றி ஊன்றினான். முடிச்சில் அவன் கை வைத்த அடையாளம்கூட இல்லை.

"அக்கா, நீங்க நாளைக்கு வர மாட்டீங்கல்ல? இதை யார் அவுப்பாங்க?"

அவள் விளக்கை அணைக்காமல் கதவை மட்டும் சாத்தினாள்.

"செயற்குழு கூடணும் தம்பி."